கரும்பு ஒன்றுதான், நோட்டுப் புத்தகம்தான் ஐந்து

இங்கே மொரீஷியஸில் இரண்டாம் பருவம் தொடங்கியதும் பள்ளியிலிருந்து ஒரு தாள் வரும். எந்தப் பாடத்தில் என்னென்ன நடத்தப்போகிறார்கள் என்று கட்டம் போட்டு அச்சடித்த தாள். என் மகள் கிரேடு 5. ஆங்கிலக் கட்டத்தில் இறந்தகால வினைகளும் கடிதம் எழுதுவதும் இருந்தன. பிரெஞ்சில் வினை வாய்பாடுகளும் திக்தேயும் (சொல்வதெழுதுதல்). கணக்கில் பின்னம், எடை, கொள்ளளவு. அறிவியலில் தாவரங்களும் ஆற்றலும். வரலாறு-புவியியலில் இந்தத் தீவுக்கு மனிதர்கள் வந்த கதையும் நிலப் பயன்பாடும். அதற்குக் கீழே கலை, உடற்கல்வி, கணினி. கடைசிக் கட்டம் தமிழ். அதில் மூன்றே சொற்கள்: வாசித்தல், எழுதுதல், பேசுதல்.

எதை வாசிப்பது? எதைப் பற்றி எழுதுவது? மற்ற கட்டங்களில் எல்லாம் விஷயம் இருக்கிறது, நம்முடைய கட்டத்தில் வேலை மட்டும்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். மொரீஷியஸில் தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டு. முடிவில் பி.எஸ்.ஏ.சி. தேர்வு; 2017-க்கு முன்பு அந்த இடத்தில் சி.பி.இ. இருந்தது. பயிற்று மொழி விஷயத்தில் 1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் விதிகள் சொல்வது இது: மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குப் பொருத்தமான எந்த மொழியிலும் சொல்லித்தரலாம், நான்கிலிருந்து ஆங்கிலம். ஏட்டில் அப்படி. வகுப்பறையில் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், விளக்கம் கிரியோலில் (இங்கே வீட்டிலும் தெருவிலும் பேசுகிற மொழி) வரும், திட்டு பெரும்பாலும் பிரெஞ்சில் விழும். இதற்கு நடுவே விருப்ப மொழி என்று ஒரு பீரியட். இந்தி, தமிழ், தெலுங்கு, மராத்தி, உருது, அரபு, மாண்டரின், 2012 முதல் கிரியோலும். அந்த மணி அடித்ததும் வகுப்பு கலைந்துவிடும். நம் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போவார்கள். அந்த அறைக்குள் போனதும் மற்ற பாடங்களை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பதுபோல் ஆகிவிடுகிறது. என் குறை அங்கேதான்.

போன வருடம் கரும்பு வெட்டு நேரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் பிறந்தாலே இங்கே சாலையெல்லாம் கரும்பு லாரிதான். ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அலுவலகத்துக்குத் தாமதம் என்று எழுதி வைத்துவிடலாம். அந்த வாரம் மகளின் அறிவியல் நோட்டில் ஒரு படம் வரைந்திருந்தாள். ஆலை, அதற்குள் கொதிகலன், சக்கையை எரித்தால் நீராவி, நீராவியில் சுழலி, சுழலியிலிருந்து மின்சாரக் கம்பி. எல்லாவற்றுக்கும் அம்புக்குறி, ஆங்கிலத்தில் பெயர். நன்றாகவே புரிந்துதான் வரைந்திருந்தாள். நம் வீட்டு விளக்கில் ஒரு பங்கு கரும்புச் சக்கையிலிருந்து வருகிறது என்று எனக்கே வகுப்பெடுத்தாள். அதே பையிலிருந்து தமிழ் நோட்டை எடுத்தேன். அங்கேயும் கரும்புதான், கட்டுரைத் தலைப்பே கரும்பு. "கரும்பு இனிக்கும். கரும்பு உயரமாக வளரும். பொங்கலுக்குக் கரும்பு வைப்போம். எனக்குக் கரும்பு பிடிக்கும்." பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி, ஒரு நட்சத்திரம்.

"ஏன்டா, ஆலையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"அது சயின்ஸ் மம்மி. தமிழ் மிஸ் அதைக் கேக்க மாட்டாங்க."

பத்து வயதுக்குள் பிள்ளை ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். தெரிந்ததைச் சொல்ல ஆங்கிலம், அழகாக ஏதாவது சொல்லிவைக்கத் தமிழ். யாரும் அவளிடம் அப்படிச் சொல்லித்தரவில்லை. பாடத்திட்டமே அவளுக்கு அதைக் காட்டிவிட்டது.

நம் தமிழ் வகுப்பு ஆண்டு முழுக்கப் பண்டிகையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது. முதல் பருவத்தில் பொங்கலும் தைப்பூசக் காவடியும். ஏப்ரலில் வருடப் பிறப்பு. மூன்றாம் பருவத்தில் தீபாவளி. எனக்கு அதில் ஒரு விரோதமும் இல்லை. வாழையிலையில் ஏழு கறி பரிமாறுகிற வீடுதான் எங்களுடையதும். ஆனால் இரண்டாம் பருவத்தில் பெரிய பண்டிகை ஒன்றுமில்லாததால் தமிழ்ப் பாடம் திக்குத் தெரியாமல் நிற்கிறது பாருங்கள், அதுதான் வேடிக்கை. விலங்குகளின் பெயர், காய்கறிகளின் பெயர், மறுபடியும் 'என் குடும்பம்'. கிரேடு 2-லும் 'என் குடும்பம்', கிரேடு 5-லும் 'என் குடும்பம்'. குடும்பத்தில் ஆள் கூடினால்தான் கட்டுரையில் ஒரு வரி கூடும்.

அந்தத் தாளையே வைத்துப் பார்ப்போம், கரும்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். டச்சுக்காரர்கள் 1639-இல் ஜாவாவிலிருந்து இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த பயிர். பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே 1740-களில் வில்பாக்கில் ஆலை வைத்தார். அவர் காலத்தில்தான் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் இங்கே வந்து போர்ட் லூயி நகரத்தைக் கட்டினார்கள். அவர்கள் குடியிருந்த பகுதிக்கு மலபார் முகாம் என்று பெயர். 1810-இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள், 1835 பிப்ரவரி 1-இல் அடிமை முறை ஒழிந்தது. அதற்குச் சற்று முன்பே, 1834 நவம்பர் 2 அன்று, அட்லஸ் கப்பலில் 36 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புக்கென்று வந்து இறங்கினார்கள். பிறகு 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். மெட்ராஸில் கப்பல் ஏறியவர்களும் அதில் சேர்த்தி. அவர்கள் கரையிறங்கிய இடமான போர்ட் லூயி ஆப்ரவாசி காட்டின் பதினாறு படிகளை எல்லாப் பிள்ளைகளும் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பார்கள்.

வரலாற்றுப் பாடத்தில் இது ஆங்கிலத்தில் வருகிறது. தன் பாட்டனுக்குப் பாட்டன் இறங்கிய இடத்தைப் பற்றிப் பிள்ளை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறாள். வீட்டில் பாட்டி அதைக் கிரியோலும் தமிழும் கலந்து சொல்கிறார். தமிழ் வகுப்பு மட்டும் அந்தப் பக்கமே போவதில்லை. கோடை விடுமுறையில் கோயில் வகுப்பில் நான் சில பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருவதுண்டு. அங்கே ஒருநாள், "கப்பலில் வந்தவர் வீட்டுக்கு ஒரு கடிதம் போடுகிறார், என்ன எழுதுவார்?" என்று கேட்டேன். எழுத்துப் பிழை எக்கச்சக்கம்தான். ஆனால் ஒரு பையன் எழுதினான்: "இங்கே கல் நிறைய. கல்லை எடுத்துவிட்டுத்தான் கரும்பு நட முடியும்." வயலுக்கு நடுவே குவித்து வைத்திருக்கும் கருங்கற்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அல்லவா, அவனுக்கு எழுத விஷயம் இருந்தது. 'என் குடும்பம்' எழுதச் சொன்னால் இதே பையன் பென்சில் சீவிக்கொண்டே பீரியடை ஓட்டிவிடுவான்.

கணக்குக்கும் கரும்பே போதும். பத்து டன் கரும்பை ஆலையில் போட்டால் ஏறக்குறைய ஒரு டன் சர்க்கரை, மூன்று டன் சக்கை. பத்தில் ஒன்று, பத்தில் மூன்று. பின்னம் முடிந்தது. இதைத் தமிழ் வகுப்பில் ஐந்து நிமிடம் வாய்ப்பேச்சாகச் சொல்லவைக்கலாம். கணக்கைத் தமிழில் நடத்தச் சொல்லவில்லை, அது நடக்காது. கணக்கு மிஸ் நடத்திவிட்ட ஒன்றைத் தமிழில் ஒருமுறை வாயால் சொல்லிப் பார்க்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் வாகாஷியோ. 2020 ஜூலை 25 அன்று புவான்த் தேஸ்னி அருகே பவளப் பாறையில் ஏறிய கப்பல். ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கியது. ஏறக்குறைய ஆயிரம் டன் கடலில் கலந்தது. மஹேபூர் கரையில் ஊரே கூடி என்ன செய்தது என்று நமக்கு மறக்குமா? காய்ந்த கரும்புத் தோகையைத் துணியில் திணித்து, நீளநீளமாகத் தைத்து, மிதக்க வெற்று பிளாஸ்டிக் பாட்டில் கட்டி, கடலில் இழுத்துவிட்டோம். எங்கள் தெருவிலிருந்து போனவர்கள் கறுத்த கையோடும் கறுத்த கால்சட்டையோடும் திரும்பினார்கள், அந்த வாடை துவைத்தும் போகவில்லை. எண்ணெய் ஏன் மிதக்கிறது, தோகை ஏன் அதை உறிஞ்சுகிறது, அலையாத்திக்குள் எண்ணெய் புகுந்தால் என்ன ஆகும்: அறிவியலின் பாதிப் பாடம் இதிலேயே இருக்கிறது. இன்று கிரேடு 5-இல் இருக்கும் பிள்ளைகள் அப்போது சின்னஞ்சிறுசுகள். அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியது அப்பாக்கள், மாமாக்கள், பக்கத்து வீட்டு அக்காக்கள். "வீட்டில் ஒருவரிடம் கேட்டு வந்து தமிழில் நான்கு வரி சொல்" என்று ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தால் எப்படி இருக்கும்? வீட்டில் கிரியோலில்தான் சொல்வார்கள். சொல்லட்டுமே. கேட்டதைத் தமிழாக்கத் தடுமாறுகிற அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைக்கு வருகிற தமிழ், காலியிடம் நிரப்புகிற பயிற்சியில் வராது.

நாம் மொழிக்காகப் போராடத் தெரியாதவர்களும் இல்லை. 1998-இல் புது ரூபாய் நோட்டு வந்தபோது தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே போய்விட்டது என்று எவ்வளவு பெரிய எதிர்ப்பு! அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறும் வரைக்கும் நம் சமூகம் ஓயவில்லை. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் நோட்டில் தமிழ் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று தெருவுக்கு வந்த நாம், பிள்ளையின் நோட்டில் தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை பேர் பிரித்துப் பார்க்கிறோம்? நூறு ரூபாய் நோட்டில் நம் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் முகம் இருக்கிறது, கணக்குப் பாடத்தில் சில்லறை எண்ணும்போது பிள்ளைகள் அதைக் கையில் பிடிக்கிறார்கள். இவர் யார் என்று தமிழ் வகுப்பில் ஒரு பேச்சு வரக்கூடாதா?

இதையெல்லாம் ஒரு தமிழ் ஆசிரியையிடம் கொட்டினேன். எனக்குத் தங்கை வயது. கோபப்படவில்லை, சிரித்தார்.

"அக்கா, நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா என் அறையில ரெண்டு கிரேடு ஒண்ணா உட்காந்திருக்கு. பாதிப் பிள்ளைங்களுக்கு 'நான் போனேன்', 'அவள் போனாள்' வித்தியாசமே இன்னும் பிடிபடல. இதுல கொதிகலனா?"

நியாயமான கேள்வி. தமிழ் இங்கே வீட்டில் புழங்கும் மொழி இல்லை என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பெரும்பாலான வீடுகளில் கிரியோல்தான், எங்கள் வீட்டிலும் பாதி அதுதான். கிரியோல் பள்ளிக்குள் வந்ததை நான் வரவேற்கிறேன். பிள்ளை வீட்டில் பேசுவது பள்ளியிலும் மதிக்கப்பட வேண்டும். ஆனால் ஆசிரியை சொன்ன காரணத்தையே திருப்பிப் பார்க்கிறேன். 'போனேன்', 'போனாள்' ஏன் பிடிபடவில்லை? அந்தப் பிள்ளை எங்கே போனாள், எதற்குப் போனாள் என்று யாரும் கேட்காமல் வெறும் வாய்பாடாகச் சொல்லித்தந்தால் எப்படிப் பிடிபடும்? "லாரி ஆலைக்குப் போனது, ஆலை சாற்றைப் பிழிந்தது, சக்கை எரிந்தது" என்றால் அதுவும் இறந்தகாலம்தான். ஆங்கிலக் கட்டத்திலும் இந்தப் பருவம் இறந்தகாலம்தானே இருக்கிறது! இரண்டு மிஸ்களும் இடைவேளையில் ஒரு டீ குடித்துப் பேசிக்கொண்டால் தீர்ந்தது.

பேசிக்கொள்வதுதான் நடப்பதில்லை. தமிழ் ஆசிரியர் ஒரு பக்கம், வகுப்பாசிரியர் ஒரு பக்கம். இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வது சுலபம். பெற்றோர் கூட்டத்தில் நாம் கேட்கும் கேள்வி என்ன? கணக்கில் எவ்வளவு, பிரெஞ்சில் எவ்வளவு, லெசோனுக்கு யாரிடம் அனுப்பலாம். (லெசோன் என்றால் மாலை டியூஷன். இங்கே அது தனி மதம்.) தமிழ் ஆசிரியரைத் தேடிப் போய்ப் பேசுகிற பெற்றோர் அபூர்வம். போனாலும் "மார்க் ஏறுமா மிஸ்?" என்பதோடு சரி.

இன்னொரு ஆட்சேபம் எங்கள் வீட்டிலேயே வந்தது. "தமிழ் வகுப்பிலாவது பிள்ளை நிம்மதியாகப் பாட்டுப் பாடி, கதை கேட்டு இருக்கட்டும், அங்கேயும் சயின்ஸைத் திணிக்காதே" என்றார் என் கணவர். பாட்டும் கதையும் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் பிள்ளை நிம்மதியாக இருக்கிறாள் என்று அவர் நினைக்கிறார். அவளைக் கேட்டால் போர் அடிக்கிறது என்கிறாள். ஏழு வருடமாகத் தெரிந்த பூனையைப் பற்றி இன்னும் எத்தனை முறைதான் எழுதுவாள்?

சரி, என்னதான் முடிவாயிற்று? அந்தத் தங்கை ஒன்றுக்குச் சம்மதித்திருக்கிறார். ஜூலையில், கரும்பு வெட்டு சூடு பிடிக்கும்போது, கிரேடு 4-க்கும் 5-க்கும் சேர்த்து வாரம் ஒரு பீரியட் கரும்புக்கு. முதலில் வாய்ப்பேச்சு, பிறகு படம் வரைந்து தமிழில் பெயர் எழுதுவது, கடைசியில் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வரும் நான்கு வரி. மார்க் கிடையாது. கிரேடு 6 பக்கம் மட்டும் வரவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அவர்களுக்குப் பரீட்சை. புரிகிறது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்கப்போவது ஒன்றுதான். மூன்றாம் பருவத் தாள் அச்சடிக்கும்போது தமிழ்க் கட்டத்தில் 'வாசித்தல், எழுதுதல், பேசுதல்' என்பதற்குப் பக்கத்தில் 'எதைப் பற்றி' என்று ஒரு வரி சேருங்கள். ரோஸ் ஹில், காத்ர் போர்ன் பக்கம் பிள்ளைகள் படிக்கிற தோழிகள் உங்கள் பள்ளியிலும் இதையே கேளுங்கள். ஒரு பள்ளியில் ஒரு அம்மா கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள்.