குதிரைமசால் வயலில் தொலைந்த அம்பு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மானுக்கான வில் வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை நீள்கிறது. பிறருடைய பண்ணையில் அனுமதி பெற்று வேட்டைக்குப் போகும் நண்பர்கள் சிலர் என் நட்புப் பட்டியலில் இருப்பதால், சென்ற பருவத்தில் எனக்கு நேர்ந்ததை வைத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எய்த அம்பு கிடைக்கவில்லையென்றால், அங்கிருந்து வண்டி ஏறுவதற்கு முன்பே நிலத்துக்குரியவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். எந்த இடத்தில், எத்தனை அம்பு, என்ன வகை முனை என்பது வரை சொல்ல வேண்டும். நாளைக்கு வந்து தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. அப்படித் தள்ளிப்போட்டவர்களில் பின்னர் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

சென்ற அக்டோபர் மூன்றாம் வாரம், ஆறு ஆண்டுகளாக எனக்கு இடம் கொடுத்துவரும் ஒரு பால்பண்ணையில், வயலோரத்து ஓக் மரத்தில் 20 அடி உயரத்தில் கட்டிய இருக்கையில் அமர்ந்திருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் வெள்ளைவால் பெண்மான் ஒன்று குதிரைமசால் என்ற தீவனப்பயிர் வயலுக்குள் இறங்கி மேயத் தொடங்கியது. நான் தூரத்தைத் தவறாகக் கணித்ததால் அம்பு அதன் முதுகுக்கு மேலாகப் போய்விட்டது. மான் காயமின்றி ஓடிவிட்டதில் எனக்கு நிம்மதிதான். அம்பு மட்டும் கிடைக்கவில்லை. கப்பிகள் பூட்டிய காம்பவுண்டு வில்லிலிருந்து நொடிக்கு 280 அடி வேகத்தில் கிளம்பும் அம்பு எப்போதும் மண்ணில் குத்தி நிற்பதில்லை. சாய்வாகத் தரையைத் தொட்டால் ஈரப் புல்லுக்கு அடியில் சறுக்கிக்கொண்டுபோய்த் தண்டுகளோடு தண்டாகப் படுத்துவிடுகிறது. தலைவிளக்கின் ஒளியில் ஒன்றரை மணி நேரம் மண்டியிட்டுக் கைகளால் துழாவியும், 28 அங்குல நீளமுள்ள அந்தக் கறுப்பு கார்பன் தண்டு அகப்படவில்லை.

மாலைக் கறவையை முடித்துவிட்டுப் பண்ணைக்காரர் பால் அறையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. குழாயை மூடிவிட்டு, ஜன்னல் திட்டில் இருந்த ஒரு பொருளை எடுத்து என் கையில் வைத்தார். விரல் நீளத்தில், விரல் தடிமனில் ஓர் உருளைக் காந்தம். அவருடைய பழைய மாடு ஒன்றை அறுத்தபோது அதன் வயிற்றிலிருந்து எடுத்ததாம். அதைச் சுற்றி வேலி ஆணிகளும், துருப்பிடித்த கம்பித் துண்டுகளும், எதிலிருந்து உடைந்ததென்றே தெரியாத ஒரு தகடும் முள்ளம்பன்றியின் முட்களைப்போலச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டியிருந்தன. சில துண்டுகளின் முனை நான் பயன்படுத்தும் அம்பு முனையைவிட மழுங்கலானது என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

மாடு தீவனத்தைப் பொறுக்கித் தின்னும் விலங்கு அல்ல. வாய்க்கு வந்ததை அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டுப் பிறகு அசைபோடும். அவ்வாறு உள்ளே போகும் இரும்பு கனமாக இருப்பதால், தேனடை போன்ற உட்சுவர் கொண்ட இரண்டாம் இரைப்பையில் தங்கிவிடுகிறது. அந்த இரைப்பை சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் கூரான முனை சுவரைக் குத்துகிறது. இரைப்பைக்கு முன்னால் உதரவிதானம், அதைத் தாண்டினால் இதயம். மாடு தீனி எடுக்காமல் முதுகை வளைத்து நிற்கும், பால் சட்டென்று குறையும், நடக்கும்போது முனகும். இதய உறை வரை குத்திச் சீழ் பிடித்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது. கால்நடை மருத்துவர்கள் இதை ஹார்ட்வேர் நோய் என்கிறார்கள். ஆணியும் ஊசியும் விழுங்கிய மாட்டுக்கு வயிற்றைத் திறந்து அறுவை செய்வது நம் ஊர்க் கால்நடை மருத்துவமனைகளிலும் நடப்பதுதான். இங்கே பல பண்ணைகளில் கிடேரியாக இருக்கும்போதே ஒரு காந்தத்தை விழுங்க வைத்துவிடுகிறார்கள். அது ஆயுள் முழுவதும் உள்ளேயே இருந்து இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

ஆனால் நம் அம்புக்கு அந்தப் பாதுகாப்பு பாதிதான் பொருந்தும். கார்பன் தண்டை எந்தக் காந்தமும் பிடிக்காது. முனையைத் தண்டோடு இணைக்கும் அலுமினியத் துண்டையும் பிடிக்காது. தீவனத்தை நறுக்கும் பெரிய அறுவடை இயந்திரங்கள் பலவற்றில் உலோகம் கண்டறியும் கருவி இருந்தாலும் அது தேடுவது இரும்பை. முனை கழன்றுபோன கார்பன் தண்டு இயந்திரத்துக்குள் போனால் எந்தத் தடையுமின்றி ஈர்க்கு ஈர்க்காகச் சிதைந்து தீவனத்தோடு கலந்துவிடும். விரிசல் விட்ட கார்பன் அம்பு எய்யும்போது உடைந்து கையில் பாயலாம் என்பதால்தான், ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் அம்பை வளைத்துப் பார்க்கும்படி தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். நம் கைக்கு ஆகாத அந்தச் சிலாம்பு மாட்டின் குடலுக்கு மட்டும் ஆகிவிடுமா? டிராக்டர் டயரில் ஏறும் முனையைப் பற்றியும், வைக்கோலைக் கையால் உதறும்போது கிழிபடும் விரல்களைப் பற்றியும் நான் தனியாக விவரிக்க வேண்டியதில்லை.

இதைச் சொல்லும்போதெல்லாம் வேட்டை நண்பர்களிடமிருந்து எனக்கு இரண்டு பதில்கள் வருகின்றன. பண்ணை நிலத்தில் ஏற்கெனவே கம்பியும் ஆணியும் கிடக்கும்போது ஓர் அம்பு என்ன பெரிய விஷயம் என்பது முதல் பதில். தன் வேலி எங்கே ஓடுகிறது, பழைய கொட்டகை எங்கே இடிந்து விழுந்தது என்பதெல்லாம் பண்ணைக்காரருக்குத் தெரியும். தெரிந்ததால் அந்த இடங்களில் பார்த்து அறுக்கிறார். வயலின் நடுவே கிடக்கும் நம் அம்பைப் பற்றி நாம் சொன்னாலொழிய அவருக்குத் தெரிய வழியே இல்லை. சொன்னால் அடுத்த ஆண்டு அனுமதி கிடைக்காது என்பது இரண்டாவது பதில். கிடைக்காமல் போகலாம். அது அவருடைய நிலம், அந்த முடிவும் அவருடையது. அவர் சரியாக முடிவெடுப்பதற்குத் தேவையான ஒரு செய்தியை மறைத்துவைத்துப் பெறும் அனுமதியை நான் அனுமதியாகக் கருதவில்லை.

இழப்பீட்டைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அக்டோபரில் தொலைந்த அம்பு குளிர்காலம் முழுவதும் பனிக்கடியில் கிடந்து, மே மாதக் கடைசியில் முதல் அறுப்பின்போது மேலே வருகிறது. அந்தத் தீவனத்தைத் தின்ற மாடு அதற்கும் பல மாதங்கள் கழித்து நோயில் விழலாம். அதே நிலத்தில் மூன்று பேர் வேட்டையாடியிருந்தால் அது யாருடைய அம்பு என்பதை எந்த நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பது? விஸ்கான்சினில் 1980களிலிருந்து நடைமுறையில் உள்ள ஒரு சட்டம், பொழுதுபோக்குக்காக நிலத்துக்குள் வருபவர் அங்கே காயப்பட்டால் நில உரிமையாளர் மீது பெரும்பாலும் பொறுப்பு விழாமல் காக்கிறது. அவர் நமக்கு வாயிற்கதவைத் திறந்துவிடுவதற்கு அந்தக் காப்பும் ஒரு காரணம். ஆனால் நாம் விட்டுச்சென்ற பொருளால் அவருடைய மாடு செத்தால், நிரூபிக்கும் பாரம் முழுவதும் அவர் தலையில்தான் விழுகிறது. ஆகவே வழக்கு வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காமல், எய்தவர் தாமாகவே முன்வந்து செலவை ஏற்பதுதான் முறை.

அமெரிக்காவில் மானுக்கென்று வில் வேட்டைப் பருவத்தை முதன்முதலில், 1934இல், அறிவித்தது இந்த மாநிலம்தான். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, 1931இல், மேடிசனுக்கு அருகிலுள்ள ரைலி என்ற சிற்றூரில், வனவிலங்குப் பாதுகாப்பு முன்னோடியான ஆல்டோ லியோபோல்ட் அங்குள்ள விவசாயிகளோடும் நகரத்து வேட்டைக்காரர்களோடும் சேர்ந்து ஒரு கூட்டுறவு ஏற்பாட்டைத் தொடங்கினார். நிலம் விவசாயிகளுடையது, வேட்டையாட வருபவர்களுக்கும் அந்த நிலத்தின் மீது கடமைகள் உண்டு என்பதே அதன் அடிப்படை. லியோபோல்ட் தம் கையாலேயே வில் செய்து வேட்டைக்குப் போனவர். அந்த ஊர்ப் பக்கம் வண்டியில் போகும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும்.

தேடும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். எய்தவுடன் மரத்திலிருந்து இறங்கிவிடாமல், அம்பு போன திசையில் தொலைவில் தெரியும் ஒரு மரத்தையோ வேலிக்காலையோ மனத்தில் குறித்துக்கொண்டு, இருக்கையிலிருந்தே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அம்பின் இறகுகள் கண்ணைப் பறிக்கும் வெள்ளையிலோ ஆரஞ்சிலோ இருக்கட்டும். மான் அந்த நிறங்களுக்கு மிரள்வதாக என் அனுபவத்தில் இல்லை. தழை நிறத் தண்டை வாங்கிப் பூட்டிவிட்டு, தொலைந்த பிறகு அதன் மேல் பழியைப் போடுவதில் பொருளில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? வால்நுனியில் ஒளிரும் விளக்கு உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் அதற்குள் சிறு லித்தியம் மின்கலம் இருப்பதால், அத்தகைய அம்பு தொலைந்தால் சொல்ல வேண்டிய கடமை இன்னும் கூடுகிறது. முக்கியமாக, அம்புக்கூட்டில் எத்தனை அம்புகளோடு வந்தோம், எத்தனையோடு திரும்புகிறோம் என்று வண்டிக்கு அருகே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் அம்பைத் தேடி, உலோகம் கண்டறியும் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். கிடைக்கவில்லை. அதற்குள் பனி விழுந்துவிட்டது. நான் காட்டிய இடத்தைச் சுற்றிப் பண்ணைக்காரர் நான்கு குச்சிகளை நட்டுவைத்திருந்தார். மே மாதக் கடைசியில் மற்ற வயலையெல்லாம் கறவை மாடுகளுக்காக நறுக்கி எடுத்துவிட்டு, அந்தப் பட்டையை மட்டும் தனியாக அறுத்து உலர்த்தினார். உலர்ந்த புல்லை வாரும்போது வாரியின் பல்லில் சிக்கி அம்பு மேலே வந்தது. அவர் தொலைபேசியில் அழைத்ததும் போய்ப் பார்த்தேன். தண்டு முழுசாக இருந்தது. முனையில் மூன்று பிளேடுகள் இருக்க வேண்டும், இரண்டுதான் இருந்தன.

அந்தப் பட்டையில் விழுந்த புல் ஆறு உருளைக் கட்டுகளாக வந்தது. சந்தை விலை என்னவோ அதைக் கொடுத்து ஆறையும் நான் வாங்கிக்கொண்டேன். எந்த மாட்டுக்கும் போடக்கூடாது என்பதற்காக அவர் ஒவ்வொன்றின் மேலும் ஆரஞ்சு வண்ணத்தில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு, கொட்டகைக்கு வெளியே தனியாக உருட்டி வைத்திருக்கிறார்.