கல்லடிப் பாலத்துக்குக் கீழே இருப்பது ஆறா?

“மலையில் பிறந்த ஆறு ஒன்று புளியந்தீவைச் சுற்றிவந்து கடலில் விழுகிறது” என்று இலங்கையின் மட்டக்களப்பிலுள்ள கல்லடிப் பாலத்துப் படத்தோடு ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அது மட்டக்களப்பு வாவி, அதாவது கடலோடு தொடுப்புள்ள கரையோர நீர்ப்பரப்பு. பேச்சில் நாமும் ஆறு என்போம், சரி. ஆனால் இதற்கு மலையில் ஊற்றுக்கண் ஏதும் இல்லை. முந்தனையாறு போன்றவைதான் வந்து இதில் விழுகின்றன.

கடலுக்குச் சமாந்தரமாக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த வாவி, பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலைத் தொடுகிறது. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் ஏறினால் மணலை வெட்டித் திறப்பார்கள். அப்புறம் வெள்ளம் வற்றும்போது கடல்நீர் உள்ளே ஏறும். வாவித் தண்ணீரில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். கரையில் உப்புநீரில் வளரும் கண்டல் மரங்கள் நிற்பதும் அதனால்தான்.