அடங்காத பிள்ளை என்று முத்திரை குத்தும் முன்

"எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டேங்குறான்" என்று யாராவது தன் பிள்ளையைப் பற்றிச் சொன்னால் எனக்கு முதலில் வரும் சந்தேகம், சொன்னது அவன் மனதில் நின்றதா என்பதுதான்.

"பையை எடுத்து வை, கையைக் கழுவு, அப்புறம் நோட்டை எடுத்துட்டு வா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். மூன்றையும் நினைவில் வைத்து, கண்ணெதிரே கிடக்கும் பொம்மையைத் தொடாமல், வரிசையாக முடிக்க வேண்டும். இது சின்ன வேலை இல்லை. இதற்குத் துணைநிற்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 20 வயதைத் தாண்ட வேண்டும். 5 வயதுப் பிள்ளைக்கு அது கைவராதபோது திமிர் என்கிறோம்.

கவனம் நிலைக்காமலோ, துறுதுறுப்பு அடங்காமலோ இருக்கும் வளர்ச்சிக் கோளாறுதான் ஏடிஹெச்டி (ADHD). அது உள்ள பிள்ளைகளின் மூளை ஸ்கேன்களை வைத்துச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007-ல் வெளியானது. மூளைப் புறணியின் (மூளையின் மேலடுக்கின்) பாதிப் பகுதி தன் உச்சத் தடிமனை எட்டுவது மற்ற பிள்ளைகளுக்குச் சுமார் 7.5 வயதில், இவர்களுக்கு 10.5 வயதில். வளரும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான், தாமதம்தான் வேறுபாடு. ஆனால் உடல் அசைவுக்கான பகுதி மட்டும் இவர்களுக்குச் சற்று முன்னதாகவே முதிர்ந்திருந்தது. ஓடத் தயாரான உடம்பு, நிறுத்தத் தயாராகாத மூளை! இந்தப் பிள்ளையை அடித்து எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறோம்? பயந்த நேரத்தில் யோசிக்கும் திறன் இன்னும் குறையத்தான் செய்யும்.

வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளைகளுக்குத்தான் ஏடிஹெச்டி என்ற பெயர் அதிகம் விழுகிறது என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். சில மாத வயது வித்தியாசத்தைக் கோளாறாக எண்ணிவிடும் ஆபத்து அங்கே இருக்கிறது.

நடத்தையைத் திருத்தக் கிளம்பும் முன் காதையும் தூக்கத்தையும் பார்த்துவிடுங்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினால் வலியே இல்லாமல் காது மந்தமாகும். இன்று கேட்கும், அடுத்த வாரம் கேட்காது. வெளியிலிருந்து பார்த்தால் வேண்டுமென்றே செய்வதுபோல் இருக்கும். தினமும் குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளைக்குத் தூக்கம் கெடுகிறதா என்றும் பாருங்கள். தூக்கம் கெட்ட குழந்தை பல நேரம் பெரியவர்கள்போல் சோர்ந்து உட்காராது, நிலைகொள்ளாமல் ஓடும். பேச்சு புரிவதில் சிரமம் இருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பெண்பிள்ளைகள் விஷயம் எனக்கு இன்னும் வருத்தம். கவனம் சிதறினாலும் அவர்களில் பலர் அமைதியாக இருப்பதால் புகார் வருவதில்லை, உதவியும் தாமதமாகிறது.

சரி, வீட்டில் என்ன செய்வது? பக்கத்தில் போய், முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். முடித்ததும் அடுத்தது. இப்படியும் தினம் தினம் போராட்டமாகவே இருந்தால், "வளர வளர சரியாகிடும்" என்று காத்திருக்காமல் குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் காட்டுங்கள்.