கை நடுங்கினால் என்ன?

ஓட்டுநர் உரிமத் தேர்வில் ஒரு பெண் தடுமாறிய அந்தக் காணொளியை நான் மறுபடியும் பகிரப் போவதில்லை; எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். தேர்வுத் தடத்தில் வண்டி மூன்று முறை நின்றுபோய், அந்தப் பெண் ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்ததற்குக் கீழே, "பிரேக் இன்ஸ்பெக்டரைப் பார்த்தே நடுங்குகிறவர்கள் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் பக்கம் வராமலிருப்பது பெங்களூருக்கு நல்லது" என்று நம் நண்பர் எழுதியிருந்தார். தேர்வில் தவறியவர் ஏழு நாள் கழித்து மீண்டும் வரலாம் என்று சட்டம் சொல்கிறது. நம்மவர்களுக்கோ ஏழு நாளாகியும் சிரிப்பு அடங்கவில்லை.

நடுக்கம் வேறு, ஓட்டத் தெரியாமை வேறு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதி, தேர்வில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது: பின்பக்கக் கண்ணாடியைச் சரிசெய்வது, கியர் மாற்றுவது, மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளாமல் கிளப்புவது, இன்னும் பல. விரல் நடுங்கக் கூடாது என்று அதில் எங்குமே இல்லை.

நாற்பத்தாறு வயதில் நானும் அந்த இருக்கையில் உட்கார்ந்தேன். வண்டி ஒருமுறை நின்றது. பக்கத்திலிருந்த இன்ஸ்பெக்டர் "ச்சு" என்றார். அவ்வளவுதான், மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன், ஹேண்ட் பிரேக்கை மறந்தேன், மேட்டில் வண்டி பின்னால் உருண்டது. இருபது ஆண்டு இவ்வூரில் வாழ்ந்தவளுக்கு கன்னடத்தில் 'எடக்கெ' என்றால் இடப்பக்கம் என்பதுகூட அன்று மறந்துபோயிற்று. தவறினேன், அது நியாயம்தான். வீட்டில் "உனக்கு ஆட்டோவே போதும்" என்று சிரித்தார்களே, அது எந்த நியாயம் என்று இன்றும் தெரியவில்லை.

இரண்டாம் முறை போகும்முன் பயிற்சிப் பள்ளி மாஸ்டர் ஒன்றே ஒன்று சொன்னார்: "அவர் பேனாவைப் பார்க்காதீங்கம்மா, கண்ணாடியைப் பாருங்க." அன்றும் வண்டி நின்றது. மன்னிப்புக் கேட்கவில்லை, ஹேண்ட் பிரேக், நியூட்ரல், சாவி என்று முணுமுணுத்தபடியே மறுபடி கிளப்பினேன். இன்ஸ்பெக்டர் சொன்னது புரியாதபோது "இன்னொந்து சல ஹேளி சார்", இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டேன். அவரும் சாதாரணமாகத் திருப்பிச் சொன்னார். கை கடைசிவரை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, உரிமமும் கிடைத்தது. தன்னம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான், மீசை முறுக்குவதை அல்ல.

"அப்படியானால் அழுகிறவர்களுக்கெல்லாம் உரிமம் கொடுத்துவிடலாமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம், வண்டி உருண்டால் தவறியவர் என்றே எழுதட்டும், நானே தவறியவள்தான். "இன்ஸ்பெக்டருக்கே பயந்தால் சாலையில் என்ன செய்வாய்?" என்பது அடுத்த கேள்வி. சில்க் போர்டில் மாலை ஆறு மணிக்கு வண்டி நகர்ந்தால்தானே பயப்படுவதற்கு! அங்கே என் பக்கத்தில் அமர்ந்து எவரும் மதிப்பெண் போடுவதுமில்லை. ஏஜென்டிடம் கொடுத்தால் முடிந்தது என்று அறிவுரை சொன்னவர்களுக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

பயந்தவரைப் பார்த்துச் சிரிப்பது எப்போதிலிருந்து சாலைப் பாதுகாப்பு ஆயிற்று? அந்த இருக்கையில் தனியாக உட்கார்ந்து பார்த்தவர் எவரும் அந்தக் காணொளிக்குச் சிரித்திருக்க மாட்டார். நம் நண்பரின் உரிமம் மாமாவின் செல்வாக்கில் வீடு தேடி வந்த கதையைப் போன தீபாவளி விருந்தில் அவரே பெருமையாகச் சொன்னார். நானும் அன்று மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துவைத்தேன்.