முதலில் காற்றைப் பற்றிக் கதைப்போம்

ஸ்போக்கன் இங்கிலீஸ் வகுப்புக்குப் போய் வந்த எங்கள் ஊர்ப் பெடியன்கள் வெள்ளைக்காரரைக் கண்டவுடன் என்ன கேட்பார்கள் என்று திருமலையில் (திருகோணமலையில்) எல்லாருக்கும் தெரியும். எந்த நாடு? பெயர் என்ன? கலியாணம் முடித்தாச்சா? எத்தனை பிள்ளைகள்? என்ன வேலை? ஐந்தும் இலக்கணப் பிழை இல்லாமல் வரும். அந்த மனுசனும் ஐந்துக்கும் மறுமொழி சொல்லுவார். பிறகு உப்புவெளிக் கடற்கரை மணலில் துவாயை விரித்து மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். கதை முடிந்தது.

பெடியனின் ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி கேட்டதையே இவனும் கேட்கிறான், அவ்வளவுதான். அதோடு வந்த மறுமொழி ஒன்றையாவது அவன் காதில் வாங்கினானா என்றால் அதுவும் இல்லை. அடுத்த கேள்வியை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு நிற்கிறான். புதிதாகச் சந்தித்தவர்களின் உரையாடல்களை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் சிலர் ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிறையக் கேள்வி கேட்கிறவர்களை, அதிலும் மற்றவர் சொன்ன மறுமொழியிலிருந்தே அடுத்த கேள்வியை எடுக்கிறவர்களை, ஆட்களுக்குப் பிடித்துப்போகிறது என்று அதில் கண்டார்கள். எங்கள் வகுப்புகளில் இதற்கு ஒரு பாடமும் இல்லை. தன்னை அறிமுகப்படுத்தும் பத்து வசனங்களைப் பாடமாக்க விட்டுவிட்டு, கடைசியில் சான்றிதழும் கொடுத்துவிடுகிறார்கள்.

தமிழில் இதே கேள்விகள் நன்றாகத்தானே வேலை செய்கின்றன என்று கேட்கலாம். செய்கின்றன. "எவடம்? ஆற்றை மகன்?" என்று நாங்கள் விசாரிப்பது இரண்டு பேருக்கும் பொதுவான ஓர் ஆளைப் பிடிக்கத்தான். தம்பலகாமம் என்றால் அங்கே எங்களுக்கு ஒரு மாமி இருப்பார். மூதூர் என்றால் கூடப் படித்த ஒருவர் இருப்பார். கொஞ்ச நேரத்தில் சொந்தமே வந்துவிடும். வெள்ளைக்காரர் டென்மார்க் என்றால், அங்கே எங்களுக்கு ஆர் இருக்கிறார்கள்? (இப்போது அங்கேயும் ஒரு மாமி இருக்கக்கூடும், ஆனால் அவரை இந்த மனுசனுக்குத் தெரிந்திருக்காது.)

ஆங்கிலத்தில் முன்பின் தெரியாதவர்கள் கதைக்கும்போது ஆளை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். வெயில், மழை, பிந்தி வரும் பஸ், காலடியில் படுத்திருக்கும் நாய். காலநிலையை விட்டால் இவர்களுக்கு வேறு கதையே இல்லையா என்று நாங்கள் சிரிப்போம். எனக்கு அது நல்ல பழக்கமாகத்தான் படுகிறது. மற்றவரிடமிருந்து ஒன்றையும் பிடுங்காத பேச்சு அது. விருப்பம் இல்லாதவர் "ஓம், நல்ல வெயில்" என்று சொல்லிவிட்டுப் போகலாம், விருப்பம் உள்ளவர் நின்று கதைக்கலாம். இப்படியான பேச்சு செய்தி சொல்வதற்கு அல்ல, கூட நிற்பவரோடு ஓர் ஒட்டுறவை உண்டாக்குவதற்கே என்று மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923லேயே எழுதிவிட்டார்.

அப்படிப் பார்த்தால் திருமலைக்காரருக்குக் கதைக்க விசயமா இல்லை? சீசனுக்கு வருகிறவர்களில் பலர் கொழும்பிலோ நுவரெலியாவிலோ நனைந்துவிட்டுத்தான் இங்கே வந்து இறங்குகிறார்கள். இங்கே மணல் கால் வைக்க முடியாமல் சுடும். தென்மேல் பருவக்காற்று அந்தப் பக்கத்திலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டி முடித்து, எங்களிடம் வரும்போது காய்ந்த கச்சான் காற்றாக வருகிறது. "மவுண்டன் டேக் ஆல் த ரெயின். வீ கெட் ஒன்லி விண்ட்" என்றால் காணும். அப்ப உங்களுக்கு எப்ப மழை என்று அவர் கேட்பார். கேட்காமல் இருக்க முடியாது. ஒக்டோபர் தாண்டினால் வாடை, கடல் கொந்தளிப்பு, புறாமலைத் தீவுக்குப் படகு விடுவது கஷ்டம், அப்புறம் மீன் விலை. அரை மணித்தியாலம் ஓடிவிடும்.

எங்கள் தாத்தா டொக்யாட்டில் வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அவர் துரைமாரோடு கதைத்த ஆங்கிலத்தில் வினைச்சொல் அரைவாசிதான் இருந்திருக்கும். ஆனால் காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று சொல்லுவார். அதைக் கேட்க ஆட்கள் வந்து நிற்பார்களாம்.

இப்போதும் அந்த ஆங்கிலம் ஊரில் இருக்கிறது. கோட்டை வாசலுக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் ஓர் அக்கா மாங்காய் வெட்டி உப்புத்தூள் போட்டு விற்கிறார். ஒருநாள் கடதாசிப் பையோடு நின்ற ஒரு வெளிநாட்டு அம்மாவுக்குப் பின்னால் ஒரு மான் வந்து பையில் வாய் வைக்கப் பார்த்தது. "மேடம், பேக்! ஹீ ஈட் பேப்பர் ஆல்சோ!" என்றார் அக்கா. அந்த அம்மா பையை இழுத்துக்கொண்டு சிரித்தார். இந்த மானைத் தெரியுமா என்று கேட்டார். "எவ்ரி டே கம். மை கஸ்டமர். நோ மனி." அதற்குப் பிறகு அந்த அம்மா கல்லில் குந்தியிருந்து, உறைப்பில் மூக்கு வடிய மாங்காய் தின்றுகொண்டே கதைத்தார். பெயரை இரண்டு பேரும் கேட்கவே இல்லை.

படித்த எங்களுக்கு இது வராததற்குக் காரணம் வெள்ளைக்காரர் மேலுள்ள பயம் இல்லை. பக்கத்தில் நிற்கும் எங்கள் ஆட்கள் மேலுள்ள பயம். வெள்ளைக்காரருக்கு நாங்கள் சொல்வது விளங்கினால் போதும். பக்கத்து வீட்டு ஆசிரியரோ வினைச்சொல்லின் காலத்தைப் பிழையாகப் போட்டுவிட்டோமா என்று கேட்டுக்கொண்டு நிற்பார். தனியே விட்டால் நன்றாகக் கதைக்கிற பிள்ளை, நாலு உறவுக்காரர் சுற்றி நின்றால் "குட், குட்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

கொழும்பு இரவு ரயிலில் பாருங்கள். எதிரில் இருப்பவர் சிங்களவர், அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. இரண்டு பேரின் ஆங்கிலமும் சமமாக நொண்டும், அதனால் ஒருவருக்கும் வெட்கம் இல்லை. ஃபான் வேலை செய்யாததில் தொடங்கி மகளின் ரியூசன் காசு வரை போகும். எனக்குப் பிடித்த ஆங்கிலம் அதுதான்.

ஒரு விசயம் மட்டும் உண்மையில் கஷ்டம். ஹலோ சொல்லி இரண்டு நிமிடம் ஆகவில்லை, சிலர் கேட்டுவிடுவார்கள்: யுத்த நேரம் நீங்கள் இங்கேயா இருந்தீர்கள்? சுனாமியில் உங்கள் வீட்டுக்கு என்ன நடந்தது? கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, புத்தகத்தில் வாசித்துவிட்டு வந்திருப்பார்கள். விருந்தாளி கேட்டுவிட்டாரே என்று எங்கள் பிள்ளைகள் எல்லாவற்றையும் கொட்டத் தேவையில்லை. "எஸ், ஹியர். லோங் ஸ்டோரி" என்றால் மரியாதையான மறுமொழிதான். அதே மூச்சில், கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனீர்களா என்று கேட்டுவிடலாம். ஏழு கிணற்றிலும் ஏழு விதச் சூடு என்று சொன்னால், முதலில் எதில் வாளி விடுவது என்றுதான் அடுத்துக் கேட்பார்.