உம்மென்ற சத்தத்துக்கு ஃபில்டர் வாங்கும் முன்

இந்த வாரம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். "ஸ்பீக்கர்ல உம்முனு சத்தம் வருது, பவர் ஃபில்டர் வாங்கலாமா?" கரண்ட் லைனில் வரும் இரைச்சலை வடிகட்டும் என்று சொல்லி விற்கிற பெட்டி அது. வேண்டாம் என்று நான் பதில் போடுவதற்குள் ஒருவர் 18,000 ரூபாய் கொடுத்து வாங்கியே விட்டார். மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

நானும் வாங்கியவன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடையில் செய்து காட்டினார்கள். கைக்கடக்கமான ஒரு மீட்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகியதும் அதிலிருந்த குட்டி ஸ்பீக்கர் கரகரவென்று இரைந்தது. எண் 400-ஐத் தாண்டி ஓடியது. பக்கத்து சாக்கெட்டில் ஃபில்டரைச் செருகினார்கள். எண் 30-க்கு இறங்கி, கரகரப்பு அடங்கிப்போனது. காதால் கேட்ட பிறகு சந்தேகம் எங்கே வரும்? வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். பாட்டு நின்றதும் அதே உறுமல்.

அந்த மீட்டர் பொய் சொல்லவில்லை. எல்இடி பல்பும் சார்ஜரும் கரண்ட் லைனில் ஏற்றிவிடும் உயர் அதிர்வெண் குப்பையை அது அளக்கிறது. அது ஸ்பீக்கர் வரைக்கும் வருகிறதா என்பதுதான் கேள்வி. ஆம்ப்புக்குள் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையர்) போகும் 230 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கி, டயோடில் டிசியாகி, ஆயிரக்கணக்கான மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களில் தேங்கிய பிறகே ஒலிப் பகுதிக்குப் போகிறது. ஒழுங்காகச் செய்த ஆம்ப்பில் வடிகட்டும் வேலை உள்ளேயே நடந்துவிடுகிறது. அதனால் விற்பவரிடம் இதைக் கேளுங்கள்: மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஸ்பீக்கர் முனையில் இரைச்சல் எவ்வளவு? எனக்கு இதை யாரும் அளந்து காட்டியதில்லை.

என் வீட்டு உறுமலின் வேர் கேபிள் டிவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்யூமைக் குறைத்துவைத்து, ஆம்ப்பின் பின்னாலிருந்து ஒவ்வொரு ஒயராக உருவிப் பார்த்தேன். டிவி ஒயரை உருவியதும் நின்றது. அதைத் திரும்பச் செருகிவிட்டு, செட்-டாப் பாக்ஸின் பின்னால் கேபிள்காரர் மாட்டிய கருப்பு ஒயரைத் திருகிக் கழற்றினேன். அப்போதும் அமைதி! ஆம்ப்புக்கு எர்த் த்ரீ பின் வழியாக வருகிறது. அந்தக் கேபிளின் உலோக உறை தெருவில் வேறெங்கோ எர்த் ஆகியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சின்ன வோல்டேஜ் வித்தியாசத்தால் ஆடியோ ஒயர் வழியாகக் கரண்ட் ஓடி, 50 ஹெர்ட்ஸ் உறுமலாகப் பாட்டோடு கலந்துவிடுகிறது. என் ஆம்ப்பில் ஆப்டிகல் இன்புட் இருந்ததால், டிவிக்கும் அதற்கும் நடுவே 350 ரூபாய்க்கு ஓர் ஆப்டிகல் ஒயர் போட்டேன். அதில் வெளிச்சம் மட்டும்தான் போகும், கரண்ட் ஓட வழியே கிடையாது. உறுமல் அன்றோடு போயிற்று.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது, "எர்த் பின்னை எடுத்துடுங்க, சரியாயிடும்" என்று சொல்பவர்கள்மேல். சத்தம் நிற்கலாம்தான். ஆனால் உள்ளே ஒரு ஒயர் உரசி பாடியில் பட்டால் அந்த உலோகப் பெட்டியிலேயே 230 வோல்ட் நிற்கும். அதைத் தொடுவது வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் காய்ந்து கிடந்தால் தண்ணீர் ஊற்றுங்கள்.

ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்கள் கதை வேறு. ரெக்கார்டில் உரசும் ஊசியைத் தாங்கியிருக்கும் சாதாரண கார்ட்ரிட்ஜ் தருவது 5 மில்லிவோல்ட் அளவுதான். அதை நூறு மடங்கு பெருக்கிய பிறகே ஆம்ப்புக்கு அனுப்புகிறோம். அங்கே எர்த் ஒயர் கொஞ்சம் தளர்ந்தாலும் உறுமும். ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருந்தாலும் உறுமும். ஒயரை இறுக்கி, பிளேயரைத் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

விலை கூடின பவர் கேபிளையும் சோதித்தேன். நான் பார்க்காதபடி தம்பி 10 முறை மாற்றி மாற்றிப் போட்டான். எது எதுவென்று நான் சரியாகச் சொன்னது 5 முறை. காசைச் சுண்டிப்போட்டிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கும். அதற்கு முன் ஆறு மாதம் அந்தக் கேபிளில் குரல் தெளிவாகக் கேட்டது எனக்கு. அது என்ன விலை என்று தெரிந்துகொண்டே கேட்ட ஆறு மாதம் அது.

வருகிற ஞாயிறு வரைக்கும் எதையும் வாங்காதீர்கள். உருவிப் பார்த்துவிட்டு, எந்த ஒயரில் சத்தம் நின்றது என்று கமெண்டில் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த அளவில் கட்டாயம் பதில் போடுகிறேன்.