ஒட்டகம் மேய்த்தவரை யாரும் கேட்கவில்லை

கொரோனா என்றாலே நம் ஆட்களுக்கு வூகான், வௌவால், கபசுரக் குடிநீர் இவ்வளவுதான் ஞாபகம். அதற்கு ஏழெட்டு வருடம் முன்பே இன்னொரு கொரோனா ஒட்டகத்திலிருந்து மனிதர்களுக்குத் தொற்றியது என்று நேற்று டீக்கடையில் சொன்னேன், சிரித்துவிட்டார்கள்.

2012 ஜூனில் சவூதியின் ஜெத்தாவில் ஒருவர் கடும் நிமோனியாவில் இறந்தார். அங்கே வேலை பார்த்த எகிப்து நாட்டு வைரஸ் நிபுணர் அலி முகமது ஸாகி, அவருடைய சளியில் இதுவரை பார்க்காத ஒரு கொரோனா இருப்பதைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார். சொன்ன கையோடு அவர் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று, அது தனிக்கதை. அந்த நோய்தான் மெர்ஸ். உறுதியான நோயாளிகள் இதுவரை சுமார் 2,600 பேர், அதில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். 2015-ல் தென்கொரியாவில் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரே ஒரு ஆளிடம் ஆரம்பித்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பரவி 186 பேருக்கு வந்து 38 பேர் போனார்கள்.

சரி, ஒட்டகத்துக்கு என்ன ஆகிறது? பெரிதாக ஒன்றுமில்லை, மூக்கு ஒழுகும், அவ்வளவுதான். 1980களில் ஆப்பிரிக்காவில் எடுத்துவைத்த ஒட்டக ரத்தத்திலேயே இந்தக் கிருமியின் தடயம் இருக்கிறது. 2014-ல் சவூதி அரசு ஒட்டகத்தின் பக்கம் போனால் முகக்கவசம் போடுங்கள் என்று சொன்னபோது, சில பண்ணைக்காரர்கள் ஒட்டகத்தைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து வீடியோ போட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபமே வரவில்லை, நம் ஊரில் மாட்டைச் சொன்னால் நாமும் அதைத்தான் செய்திருப்போம்.

என் கோபம் வேறு இடத்தில். சவூதியில் பத்தாயிரம் பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், பொதுமக்களில் 0.15 சதவீதம் பேருக்குத்தான் இந்தக் கிருமி வந்துபோன அடையாளம் இருந்தது. தனியாகச் சோதித்த ஒட்டகம் மேய்ப்பவர்களில் 2.3, அறுப்புக்கூடத்தில் வேலை செய்பவர்களில் 3.6. ஒட்டகத்தையே தொடாத வயசாளிகளுக்கு எப்படி வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்களே, லேசான காய்ச்சலோடு நடமாடும் இந்தக் கூலியாட்கள் வழியாகவும் வந்திருக்கலாம் இல்லையா? கேமரா வைத்துக் காய்ச்சல் பார்த்ததெல்லாம் விமான நிலையத்தில். கொட்டகையில் படுத்துக்கிடக்கிறவனைப் போய்ப் பார்ப்பதுதான் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும் என்பேன். ஒட்டகத்துக்கே தடுப்பூசி போட்டு அது கிருமியைக் கொட்டுவதைக் குறைக்கலாம் என்று 2015-லேயே பரிசோதித்துக் காட்டிவிட்டார்கள், இன்னும் கொட்டகை வரை வந்து சேரவில்லை. இத்தனைக்கும் ஆக்ஸ்போர்டில் மெர்ஸுக்காகச் செய்துகொண்டிருந்த வேலைதான் பிறகு நம் கையில் குத்திய கோவிஷீல்டுக்கு அடித்தளம்!

பெரியப்பா மகன் ஒருவர், எனக்கு அண்ணன் முறை, 2013-லிருந்து மூன்று வருடம் ரியாத்தைத் தாண்டி ஒரு பாலைவனப் பண்ணையில் ஒட்டகம் மேய்த்தார். மெர்ஸ் தெரியுமாண்ணே என்று கேட்டேன். "அப்படின்னா?" என்றார். விளக்கிச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குட்டிக்கு மூக்கு ஒழுகுனா என் தலைத்துண்டாலதான்டா தொடைப்பேன். ஒருதடவை எனக்கும் பத்து நாள் காய்ச்சல். சொன்னா அந்தப் பத்து நாள் சம்பளத்தப் பிடிச்சிருவான்னு நான் எங்க சொன்னேன்" என்றார்.